ஆப்-ஆம்ப்பின் இரண்டு விதிகளும் மொட்டை மாடி வெயிலும்

பி.இ. படிக்கும்போது ஆப்-ஆம்ப் என்றால் எனக்கு ஒரு ஃபார்முலா, அவ்வளவுதான். ராய் சவுத்ரி புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்தேன், பரீட்சையில் எழுதினேன், மார்க்கும் வந்தது. அதற்கப்புறம் இருபது வருஷம் சாஃப்ட்வேர்.

போன கோடையில், ஆலங்குடி வீட்டு மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று பார்க்க ஒரு சின்ன சர்க்யூட் போட்டேன். எல்எம்35 சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். அதை 11 மடங்காக்க ஒரு எல்எம்358 ஆப்-ஆம்ப். சப்ளை 5 வோல்ட். காலையில் எல்லாம் சரி. மதியம் உள்ளே நிற்கவே முடியவில்லை, ஆனால் கணக்குப்படி 33 டிகிரிதான். அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது! சென்சாரை மாற்றினேன். அதே 33.

அப்புறம்தான் ஹாரோவிட்ஸும் ஹில்லும் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் எலெக்ட்ரானிக்ஸ்' புத்தகத்தை எடுத்தேன். 1980இல் முதலில் வந்த புத்தகம். ஆப்-ஆம்ப்பை அது இரண்டு விதிகளில் அடக்கிவிடுகிறது. ஒன்று, இரண்டு இன்புட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பூஜ்யமாக்க அவுட்புட் முயலும். இரண்டு, இன்புட்கள் கரண்ட் எடுக்காது.

'முயலும்' என்பதை நான் கல்லூரியில் கவனித்ததே இல்லை. 'இரண்டு இன்புட்டும் சமம்' என்றே படித்திருந்தேன்.

என் சர்க்யூட்டையே எடுத்துக்கொள்வோம். அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு 10 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். ஆக, அவுட்புட்டில் 11இல் ஒரு பங்கு மைனஸுக்குத் திரும்பி வரும். 30 டிகிரியில் பிளஸில் 0.3 வோல்ட். மைனஸும் 0.3 ஆக வேண்டுமென்றால் அவுட்புட் 3.3 வோல்ட்டுக்கு ஏறியாக வேண்டும். ஏறுகிறது. எல்எம்358இன் சொந்தப் பெருக்கம் சுமார் ஒரு லட்சம் மடங்கு என்பதால், அதற்கு இன்புட்டில் 33 மைக்ரோவோல்ட் வித்தியாசமே போதும்.

லட்சம் மடங்கு இருக்கும்போது 11 மட்டும் ஏன்? 1927இல் பெல் லேப்ஸின் ஹரால்ட் பிளாக், வேலைக்குப் போகும் படகில் உட்கார்ந்து பேப்பரில் கிறுக்கிய யோசனை இதுதான்: பெருக்கத்தைக் கொடுத்துவிட்டு நிலைத்தன்மையை வாங்கிக்கொள். சூட்டில் அந்த லட்சம் பாதியாகக் குறைந்தாலும், என் சர்க்யூட்டின் பெருக்கம் 10.999இலிருந்து 10.998க்குத்தான் இறங்கும். முடிவு செய்வது சிப் இல்லை, இரண்டு ரெசிஸ்டர்கள்.

ஆனால் இதெல்லாம் அவுட்புட் நகர முடிகிற வரைக்கும்தான். எல்எம்358இன் அவுட்புட் சப்ளைக்கு ஏறக்குறைய 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். 5 வோல்ட் கொடுத்தால் சுமார் 3.5தான். 33 டிகிரிக்கு எனக்கு 3.63 வேண்டும்!

மதியம் மீட்டரை வைத்துப் பார்த்தேன். பிளஸில் 0.41, மைனஸில் 0.33. முயற்சி தோற்றுப்போன இடம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. சென்சார் பாவம், சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

10 கிலோ ஓமை எடுத்துவிட்டு 4.7 போட்டேன். பெருக்கம் 5.7. இப்போது 40 டிகிரிக்கு 2.28 வோல்ட் போதும்.

உங்கள் சர்க்யூட்டும் அடம் பிடித்தால் ஃபார்முலாவைத் தேடாதீர்கள். முதலில் இரண்டு இன்புட்டையும் அளந்து பாருங்கள். சமமாக இல்லையென்றால், அங்கே விதி வேலை செய்யவில்லை. அவுட்புட்டை எது தடுக்கிறது என்று தேடுங்கள்.