விந்தகமும் வெப்பமும்

பாலூட்டிகளின் உடலில் மூளைக்கு மண்டையோடு காவல். இதயத்திற்கும் நுரையீரலுக்கும் விலாவெலும்புகள் காவல். இனத்தின் தொடர்ச்சியைச் சுமக்கும் விந்தகங்களோ, பெரும்பாலான பாலூட்டிகளில், எவ்விதக் காப்புமின்றி உடலுக்கு வெளியே ஒரு தோற்பையில் தொங்குகின்றன. அரிஸ்டாட்டில் இவற்றைத் தறியில் கட்டப்படும் கற்களுக்கு ஒப்பிட்டார். விந்து செல்லும் குழல்களைத் தாழ்த்திப் பிடிக்கும் எடைகளே இவை என்பது அவர் கருத்து. குருதி வெப்பத்தால் பக்குவப்பட்டு விந்தாகிறது என்றும் அவர் எழுதினார். விந்து உருவாவதில் விந்தகத்திற்குப் பங்குண்டு எனக் கொண்டவர் அரபு மருத்துவர்கள் ஜாலீனூஸ் என்றழைத்த காலன். இப்னு ஸீனாவின் அல்கானூன், மூன்றாம் நூலில், இவ்வுறுப்புகளின் நோய்களைத் தனியே ஆராய்கிறது. ஆயினும் வெப்பமே ஆண்மையின் இயல்பு என்ற எண்ணம் நூற்றாண்டுகள் பல நீடித்தது.

உண்மை இதற்கு நேர்மாறானது. மனித உடலின் வெப்பம் 37 பாகை செல்சியஸ். விதைப்பையினுள் அது 2 முதல் 4 பாகை வரை குறைவு. அக்குறைவின்றி விந்தணு உருவாவதில்லை.

விந்தகத்தின் பணிகள் இரண்டு. அதனுள் சுருண்டு கிடக்கும் நுண்குழல்களை நீட்டி வைத்தால் பல நூறு மீட்டர் வரும். அக்குழல்களின் சுவரில் மூல உயிரணு பிரிந்து, உருமாறி, வாலுடைய விந்தணுவாக ஏறத்தாழ 74 நாள்கள் ஆகின்றன. பின்னர் எபிடிடிமிஸ் என்னும் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள குழலில் ஊர்ந்து செல்லும்போதே அது நீந்தும் ஆற்றல் பெறுகிறது. விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் நீர்மத்தைச் சேர்ப்பவை மட்டுமே. மற்றப் பணி, நுண்குழல்களின் இடைவெளியில் அமைந்த லைடிக் உயிரணுக்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பது. குரலும் தாடியும் தசைவலிமையும் அதன் விளைவுகள். காயடிக்கப்பட்ட விலங்குகளின் மாற்றங்களை அல்ஜாஹிழ் 9ஆம் நூற்றாண்டிலேயே விரிவாகப் பேசியிருப்பினும், சுரப்புநீர் பற்றிய அறிவு மிகப் பிந்தியது.

குளிர்ச்சி பேணப்படும் விதம் வியப்புக்குரியது. விந்தகத்திற்குச் செல்லும் தமனியைச் சிரைகள் கொடிபோல் பின்னிச் சூழ்ந்துள்ளன. மேலேறும் குளிர்ந்த குருதி, கீழிறங்கும் சூடான குருதியின் வெப்பத்தை வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. குளிர்காலத்தில் ஒரு தசை விந்தகத்தை உடலருகே இழுக்கிறது, கோடையில் தளர்கிறது. 1920களில் சிகாகோவில் கார்ல் மூர் செம்மறிக் கிடாக்களின் விதைப்பையை வெப்பம் வெளியேறாதவாறு பொதிந்து வைத்தார். விந்தணு உருவாக்கம் சிதைந்தது. கடுங்காய்ச்சலுக்குப் பின் சில வாரங்கள் விந்தணு எண்ணிக்கை குறைவதும் இதனாலேயே.

விலக்குகளும் உண்டு. யானைக்கும், மன்னார் வளைகுடா மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவிற்கும் விந்தகங்கள் வயிற்றுக்குள்ளேயே உள்ளன. கடற்பசுவின் உறவினமான மானட்டீயில், விந்தகத்தைக் கீழிறக்கும் மரபணுக்கள் செயலிழந்த எச்சங்களாகக் கிடப்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, இறங்கும் வழக்கம் முன்னோர்க்கு இருந்து பின்னர் மறைந்தது. ஓங்கிலின் விந்தகமும் உள்ளேதான். முதுகுத் துடுப்பிலும் வாலிலும் குளிர்ந்த குருதி அதைக் குளிர்விக்கிறது. யானை உடல்வெப்பத்திலேயே எவ்வாறு விந்தணுவை ஆக்குகிறது என்ற வினா இன்னும் சுவை குன்றாதது.

மனிதனுக்கு அச்சலுகை இல்லை. கருவில் சிறுநீரகத்தின் அருகே தோன்றும் விந்தகம், பிறப்பதற்குச் சற்று முன்னர்தான் விதைப்பையை அடைகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் மூவருக்கு ஒன்றோ இரண்டோ இறங்காதிருக்கும். குறைமாதக் குழந்தைகளில் இது மிகுதி. பலருக்கு முதல் 6 மாதங்களில் தானே இறங்கிவிடும். இறங்காதது வயிற்றின் வெப்பத்தில் ஓசையின்றிக் கெடுகிறது. லைடிக் உயிரணுக்கள் வெப்பத்தைப் பெரிதும் தாங்கிக்கொள்வதால் சிறுவன் குறையின்றி வளர்கிறான். மீசை அரும்புகிறது, குரல் உடைகிறது. மணமாகிப் பல்லாண்டு கழிந்தே மகப்பேறின்மை வெளிப்படுகிறது. அப்போதும் நம் வீடுகளில் மனைவியையே முதலில் மருத்துவரிடம் அனுப்புகிறோம்! மகப்பேறின்மையில் ஏறத்தாழப் பாதியளவில் ஆணின் காரணமும் கலந்திருக்க, எளிதான விந்துப் பரிசோதனைக்குக் கணவர் தயங்குவது நியாயமன்று.

இறங்காத விந்தகத்தில் பிற்காலத்தில் புற்று தோன்றும் வாய்ப்பும் கூடுதல். எனவே 6 மாதத்தில் இறங்காதிருப்பின், 18 மாதம் நிறைவதற்குள் அறுவை மருத்துவத்தால் அதனை உரிய இடத்தில் பொருத்திவிட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ நெறி. பையனின் சுன்னத்தின்போது பார்த்துக்கொள்ளலாம் எனப் பெற்றோர் நினைப்பதுண்டு; ஐந்தாறு வயதில் அது செய்யப்படும் குடும்பங்களில் உரிய காலம் அதற்குள் கடந்துவிடும். குழந்தையைக் குளிப்பாட்டும் தாயே வெந்நீரின் இளஞ்சூட்டில் தொட்டறியலாம். குளிரில் மேலேறி, வெந்நீரில் இறங்கிவரும் விந்தகம் பெரும்பாலும் குறையன்று; மேற்சொன்ன தசையின் வேலையே அது. ஆயினும் அத்தகைய சிறுவனை ஆண்டுக்கொரு முறை மருத்துவரிடம் காட்டிவருதல் வேண்டும். வளரும் பருவத்தில் அது மேலேயே நின்றுவிடுவதும் உண்டு.