உஷார்! ஃபாஸ்ட் சார்ஜரில் 80-ஐத் தாண்டாதீர்கள்

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களே, நெடுஞ்சாலை சார்ஜிங் நிலையத்தில் "ஃபுல் ஆகட்டும்" என்று காரை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறீர்களா? உஷார்! இதையே வழக்கமாக்கினால், காரிலேயே விலை அதிகமான பாகமான பேட்டரிதான் அடிவாங்கும்.

வீட்டிலுள்ள 7.2 கிலோவாட் ஏசி சார்ஜர், 40 யூனிட் பேட்டரியை நிரப்ப ஆறு மணி நேரம் எடுக்கும். 60 கிலோவாட் டிசி சார்ஜரோ, கார் ஏற்றுக்கொண்டால், எட்டு மடங்கு வேகத்தில் மின்சாரத்தை உள்ளே தள்ளும். பேட்டரி காலியாக இருக்கும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் சுலபமாகப் புகும். நிரம்ப நிரம்ப இடம் குறையும். அப்போதும் அதே வேகத்தில் தள்ளினால் லித்தியம் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். ரேஞ்ச் குறையும். படிவு ஊசிபோல் வளர்ந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும் ஆபத்தும் உண்டு.

இதைத் தடுக்கத்தான் காரிலுள்ள பேட்டரி மேலாண்மை அமைப்பு (பிஎம்எஸ்), 80 சதவீதத்தை ஒட்டி வேகத்தை வெட்டுகிறது. "120 கிலோவாட்" என்று போர்டு இருந்தாலும், உங்கள் காரின் உச்சவரம்பு 50 என்றால் 50தான் ஏறும். கடைசி 20 சதவீதத்துக்காகக் காத்திருப்பது உங்கள் நேரத்துக்கும் நஷ்டம், பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் நஷ்டம்.

கவனிக்க வேண்டியவை:

• அவசரப் பயணத்துக்கு மட்டும் ஃபாஸ்ட் சார்ஜர். அன்றாடத்துக்கு வீட்டு ஏசி சார்ஜர்.

• 10-லிருந்து 80 வரை ஏற்றினால் போதும்.

• கத்திரி வெயிலில் நெடுந்தூரம் ஓட்டி வந்த சூட்டோடு மாட்டாதீர்கள். நிழலில் சற்று ஆறவிடுங்கள்.

• ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இரவெல்லாம் நின்ற காரை விடிந்ததும் மாட்டாதீர்கள். குளிர்ந்த பேட்டரியில் லித்தியம் இன்னும் எளிதாகப் படியும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு மாட்டுங்கள்.

• எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரியை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அதை வீட்டு சார்ஜரில் செய்யுங்கள்.

• கருகல் வாடை, சீறல் சத்தம், புகை என எது வந்தாலும் எல்லோரையும் தூர விலக்கிவிட்டு, சார்ஜரின் எமர்ஜென்சி பட்டன் எட்டினால் அழுத்துங்கள். உடனே 101-க்கு அழையுங்கள்.

உங்கள் காரின் உச்ச டிசி வேகம் எவ்வளவு, பேட்டரி எந்த வகை? இரண்டும் பெரும்பாலும் கையேட்டில் இருக்கும். அடுத்த முறை மாட்டுவதற்கு முன் தயவுசெய்து ஒருமுறை படித்துவிடுங்கள்.