வெளிச்சந்தை ஏர் இன்டேக் பொருத்திய காரில் எஞ்சின் கோளாறு கண்டறிதல்

கார் நிறுவனம் பொருத்திய காற்று வடிகட்டிப் பெட்டியையும் குழாயையும் கழற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் பொருத்தப்படும் கூம்பு வடிவ வடிகட்டியும் அகலமான குழாயும் கொண்ட தொகுப்பே வெளிச்சந்தை ஏர் இன்டேக் எனப்படும். பிக்கப் கூடும், எஞ்சின் ஒலி கம்பீரமாகும் என்ற எண்ணத்தில் இது வாங்கப்படுகிறது. பொருத்திய சில நாள்களில் எஞ்சின் விளக்கு எரிதல், வண்டி நிற்கும்போது எஞ்சின் குலுங்குதல், மைலேஜ் குறைதல் போன்ற கோளாறுகள் தோன்றலாம். இவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் எஞ்சினில் இல்லை, பொருத்திய விதத்திலேயே இருக்கிறது. இதை அறியாமல் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், பெட்ரோல் பம்பு என ஒவ்வொன்றாக மாற்றுவது வீண் செலவு.

அடிப்படை

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. உள்ளே செல்லும் காற்றின் அளவைச் சென்சார் சொல்ல, அதற்கேற்பக் கணினி பெட்ரோலைத் தெளிக்கிறது. சில கார்களில் சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பி கொண்ட காற்று நிறைச் சென்சார் உண்டு. காற்று பட்டுக் கம்பி குளிரும். அதன் வெப்பத்தை நிலைநிறுத்தத் தேவைப்படும் மின்சாரமே காற்றின் அளவைக் காட்டும். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இதற்குப் பதிலாகக் காற்றழுத்தச் சென்சார் உள்ளது.

காரணங்கள்

சென்சாருக்கும் எஞ்சினுக்கும் இடையே கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலோ, அளக்கப்படாத காற்று உள்ளே புகும். சென்சார் அமரும் இடத்தில் குழாய் பழையதைவிட அகலமாக இருந்தால், காற்றின் வேகம் குறைந்து சென்சார் குறைவாகக் கணக்கிடும். இரண்டிலும் பெட்ரோல் போதாமல் போகும். எண்ணெய் தடவிய பருத்தி வடிகட்டியில் எண்ணெய் மிகுந்தால், அது கம்பியில் படிந்து அளவைக் குழப்பும்.

எஞ்சின் அறைக்குள் திறந்தபடி நிற்கும் வடிகட்டி சூடான காற்றையே இழுக்கும். 30 டிகிரி செல்சியசில் உள்ள காற்றைவிட 60 டிகிரி காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. பிக்கப் கூடுவதற்குப் பதில் குறைவது இதனால்தான்.

கண்டறியும் முறை

1. கோளாறு பொருத்துவதற்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

2. எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, கிளாம்ப்கள், சென்சார் பிளக், பிரீதர் ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சென்சாரில் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும்.

3. ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள இணைப்பில் ஸ்கேனரை மாட்டிக் குறியீட்டைப் படிக்க வேண்டும். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. பி0102 என்றால் காற்று நிறைச் சென்சாரின் சைகை மிகக் குறைவு. பி0113 வந்தால் காற்று வெப்பச் சென்சாரின் பிளக் மாட்டாமல் விடப்பட்டிருக்கலாம்.

4. ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவைப் பார்க்க வேண்டும். காற்று நிறைச் சென்சார் உள்ள காரில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது திருத்தம் மிகுந்து, 2,500 சுற்றுகளில் குறைந்தால் காற்றுக் கசிவு என்று கொள்ளலாம். வேகம் கூடக் கூடத் திருத்தமும் கூடினால், சென்சார் குறைவாக அளக்கிறது அல்லது பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. காற்றழுத்தச் சென்சார் உள்ள காரில் கசிவு இருந்தால், திருத்தம் அதிகம் மாறாமல் எஞ்சின் சுற்று மட்டும் உயரக்கூடும்.

5. சென்சார் கம்பியை அதற்கென உள்ள ஸ்பிரேயால் மட்டுமே சுத்தம் செய்து, நன்றாக உலரவிட வேண்டும். விரலோ துணியோ படக்கூடாது.

6. இறுதியாக, பழைய பெட்டியை மாட்டிக் குறியீட்டை அழித்துச் சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு மறைந்தால் குற்றம் புதிய தொகுப்பில் என்பது தெளிவு. மறையாவிட்டால் சென்சார் கெட்டிருக்கலாம், அல்லது காரணம் வேறிடத்தில் உள்ளது. எனவே பழைய பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது.

காவிரிப் படுகையில் கூடுதல் கவனம்

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளி போன்ற நெல் விளையும் பகுதிகளில் இரண்டு ஆபத்துகள் கூடுதலாக உள்ளன.

முதலாவது தூசி. குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் அறுவடை இயந்திரம் கிளப்பும் மண்ணும் நெற்சுணையும் வயலோரச் சாலைகளில் பரவும். சாலையில் காயும் வைக்கோலும் நெல்லும் அதனுடன் சேரும். வயல் மண்ணிலும் நெல் உமியிலும் உள்ள சிலிக்கா, வடிகட்டியைத் தாண்டினால் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டரையும் தேய்க்கும். எஞ்சின் ஆயில் குறைவதும் புகைக்குழாயில் நீலப்புகை வருவதும் அதன் அடையாளங்கள். வடிகட்டிக்குப் பிந்தைய குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் போதும். துணியில் நறநறவென்று மண் ஒட்டினால், தூசி உள்ளே போகிறது என்று பொருள்.

இரண்டாவது தண்ணீர். குளிர்ந்த காற்றுக்காகச் சில தொகுப்புகளில் வடிகட்டி பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வைக்கப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் வழிந்து சாலையில் ஓடும்போது, அது தண்ணீரை உறிஞ்சிவிடும். காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது. ஆகவே மேலெழும் பிஸ்டன் தடைபட்டு, இணைப்புத் தண்டு வளையும். தேங்கிய நீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. வண்டியைத் தள்ளிக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் காட்டுவதே எஞ்சினைக் காக்கும் வழி.