பங்குனி வெயிலில் நீர்வண்ணம்

நீர்வண்ண ஓவியத்தில் பாதி வேலையைத் தண்ணீரே செய்கிறது. நிறமியைத் தாளுக்குக் கொண்டுவருவதும், பரப்புவதும், ஆவியாகி அதை அங்கே நிறுத்திவிட்டுப் போவதும் தண்ணீர்தான். அது தாளில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு நேரம்தான் ஓவியருக்கு அவகாசம். மதுரையில் பங்குனி, சித்திரை மாதங்களில் இந்த அவகாசம் மிகக் குறைவு. பகல் வெப்பம் 36, 38 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். காலையில் காற்றிலிருந்த ஈரம் பத்து மணிக்குள் வற்றிவிடும். மரங்கள் துளிர்த்துப் பூப்பதும் இதே மாதங்களில்தான். மரபு சித்திரை, வைகாசியை இளவேனில் என்று வகுத்திருந்தாலும், மதுரைச் சமவெளியில் வேம்பும் புங்கமும் பங்குனியிலேயே தளிர்விட்டுவிடும். வார நாளெல்லாம் அலுவலகம் போய்விட்டு, ஞாயிறு காலையில் வண்ணப் பெட்டியோடு கிளம்பும் பொழுதுபோக்கு ஓவியருக்கு வரைய நிறையக் கிடைக்கும் பருவம் இது. வரைவது கடினமாக இருக்கும் பருவமும் இதுதான்.

நீர்வண்ணம் என்பது நுண்ணிதாக அரைத்த நிறமியும் அதைத் தாளில் ஒட்டவைக்கும் பிசினும் சேர்ந்தது. பிசின் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில், குறிப்பாகச் சூடானில், வளரும் ஒரு மரத்திலிருந்து வருகிறது. நம்மூர்க் கருவேல மரத்துக்கு அது நெருங்கிய உறவு. வண்ணம் பெட்டிக்குள் காய்ந்து கல்லாகிவிடாமலிருக்க, ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரினோ தேனோ சிறிதளவு சேர்ப்பார்கள். குழாயில் வரும் வண்ணம், தட்டில் பிதுக்கிய சில நிமிடங்களிலேயே வெயிலில் ஏடு கட்டும். அதனால் வெளியே போகிறவர்களுக்கு வில்லை வண்ணமே வசதி. கூடவே, இஸ்திரி போடுகிறவர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு தண்ணீர்த் தெளிப்பான் வேண்டும். விலை உயர்ந்த பிரஷ்ஷைவிட இங்கே அதுதான் அதிகம் உதவுகிறது.

தாளில் காசு மிச்சம் பிடிப்பது நல்லதல்ல. சாதாரண வரைதாள் தண்ணீர் பட்டதும் உப்பி நெளியும். பருத்தி இழையால் செய்த 300 ஜிஎஸ்எம் தாள் தண்ணீரைத் தன்னுள் வாங்கி மெதுவாக விடும். பங்குனி வெயிலில் ஓவியருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் நிமிடங்கள் இந்தத் தாளின் தடிமனிலிருந்து வருபவை. சிலர் தாளின் இருபுறமும் நனைத்து, ஒரு பிளாஸ்டிக் பலகைமேல் அப்படியே ஒட்டவைத்துத் தொடங்குவார்கள். பின்பக்க ஈரம் முன்பக்கத்தை இன்னும் சிறிது நேரம் காயாமல் வைத்திருக்கும்.

ஈரமான தாளில் ஈர வண்ணத்தை வைத்தால் அது ஓரம் தெரியாமல் கசிந்து பரவும். வானமும் தொலைமலையும் இப்படித்தான் வரும். காய்ந்த தாளில் வைத்தால் ஓரம் வெட்டினாற்போல் நிற்கும். கோபுர விளிம்புக்கும் பனை மட்டைக்கும் இது பொருந்தும். இரண்டுக்கும் நடுவே, தாள் அரைகுறையாகக் காய்ந்திருக்கும் நிலைதான் ஆபத்தானது. அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அது ஏற்கெனவே படிந்த நிறமியைத் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் போன்ற திட்டை உண்டாக்கும். குளிர்நாட்டுப் பாடநூல்கள் சாவகாசமாகச் செய்யச் சொல்லும் வான்பூச்சு, மதுரையை ஒட்டிய ஒத்தக்கடை வெட்டவெளியில் பாதி முடிவதற்குள் இந்த நிலைக்கு வந்துவிடும்.

பூச்சின் விளிம்பில் அடர்ந்த கோடு விழுவதற்கும் காரணம் உண்டு. 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காபிக் கறையின் ஓரம் ஏன் கறுத்திருக்கிறது என்பதை விளக்கினார்கள். துளியின் விளிம்பு ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அங்கே தண்ணீர் வேகமாக ஆவியாக, அதை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது. துகள்களும் அதோடு போய்ச் சேர்கின்றன. காய்ந்த தாளில் வைத்த நீர்வண்ணப் பூச்சிலும் நடப்பது இதுவே. இந்தக் கோட்டைத் தவிர்க்க முயல்வதைவிட, அது விழவேண்டிய இடத்தில் விழவைப்பதே தேர்ந்த கை.

வெளியே வரைவதைக் கலைக்கல்லூரி மாணவர்கள் ‘ஸ்பாட் பெயின்டிங்’ என்பார்கள். மதுரையில் அதற்கான பொழுதைச் சூரியனே குறித்துக் கொடுக்கிறது. ஊர் ஏறத்தாழ 9.9 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும் சமயத்தில், நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். இந்திய நேரப்படி அது பன்னிரண்டேகால் மணிக்குச் சற்றுப் பின்பு. நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்ப்பது அப்போதுதான். நிழல் இல்லையென்றால் ஓவியத்தில் கனபரிமாணமும் இல்லை. பாறை, சுவர், மரம் எல்லாமே தட்டையாகிவிடும். காலை ஆறு முதல் ஒன்பது வரையும், மாலை நான்கரைக்கு மேலும் நிழல் நீளும். நேர்வெயில் படாத அந்த நிழலுக்கு வானத்தின் ஒளி மட்டுமே கிடைப்பதால் அதில் நீலம் கலந்திருக்கும். நிழலைக் கறுப்பாலோ சாம்பலாலோ நிரப்புவது புதியவர்கள் எல்லோரும் செய்வது.

யானைமலையை நகரப்பக்கமிருந்து பார்த்தால் அது வடகிழக்கே படுத்திருக்கும். அதனால் காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் எழ, அது ஒரே நிழலுருவாகத் தெரியும். பாறையின் மடிப்புகளும் நிறமும் வேண்டுமென்றால் மாலையில் போகவேண்டும். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளமும் பெரிய ஆலமரங்களும் வேறு வகை. அங்கே உட்கார நிழல் கிடைக்கிறது. தாளை நேர்வெயிலில் வைத்து வரைந்தால் வண்ணமெல்லாம் பளிச்சென்று தெரியும். அதை அடக்க ஓவியர் அடர்த்தியைக் கூட்டுவார். வீட்டில் பார்க்கும்போது படம் இருண்டு கிடக்கும். மரநிழலில் இந்தத் தொல்லை குறைவு. குடை பிடிப்பதானால் கறுப்பு அல்லது சாம்பல் நிறக் குடை வேண்டும். சிவப்புக் குடையின் கீழ் எந்தக் கலவையையும் நம்ப முடியாது.

1645-இல் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், நீர் நிரம்பியிருந்தால், பிரதிபலிப்புகளைக் கற்க ஏற்ற இடம். மைய மண்டபத்தின் வெளிச்சமான பகுதிகள் நீரில் ஒரு படி மங்கியும், இருண்ட பகுதிகள் ஒரு படி வெளிறியும் தெரியும். சித்திரைத் திருவிழா நாட்களில் நகரத்துக்குள்ளோ வைகைக் கரையிலோ ஸ்டாண்டை நிறுத்துவது நடக்காத காரியம். கையடக்க நோட்டில் பென்சிலால் கிறுக்கிக்கொள்ள இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

இந்தப் பருவத்தில் மிகவும் ஏமாற்றுவது பச்சை. புங்கந்தளிர் மஞ்சள் கலந்த மினுமினுப்பான பச்சை. மா, அரசு, வேம்பு ஆகியவற்றின் தளிர்களோ முதலில் செம்பு நிறத்தில் வரும். இளம் இலையில் பச்சையம் இன்னும் சேராதிருக்க, ஆந்தோசயனின் என்னும் செந்நிறமி மேலோங்கி நிற்பதே காரணம். குழாயிலிருந்து வரும் ஆயத்தப் பச்சை இவற்றில் எதற்கும் பொருந்தாது. மஞ்சளும் நீலமும் கலந்து, அதில் சுட்ட காவியைத் துளி சேர்த்தால் வெயில் பட்ட இலை வரும். சரக்கொன்றைப் பூவுக்கு வேறு தந்திரம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெண்மைதான்; அடர்ந்த இலைமேல் பிறகு மஞ்சள் பூச முடியாது. பூங்கொத்துகளை முதலிலேயே மஞ்சளாக இட்டு, இலைகளை அவற்றைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். வெள்ளை இடங்களைக் காக்கச் சிலர் மறைப்புத் திரவம் தடவுவார்கள். அதை இந்த வெயிலில் இரண்டு நாள் விட்டுவைத்தால் தாளோடு இறுகி, உரிக்கும்போது தோலையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

தொலைவில் தெரியும் நாகமலையையும் சிறுமலையையும் பலர் பழக்கத்தில் தூய நீலமாகத் தீட்டுகிறார்கள். காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் தொலைமலை நீலமாவது உண்மை. ஆனால் கோடைப் புழுதியின் பெரிய துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கின்றன. ஆகவே பங்குனி மாலையில் மலை பால் கலந்த சாம்பல் நீலமாகத்தான் தெரிகிறது. மழைக்கு மறுநாள் பார்த்தால் வேறு மலை போலிருக்கும்.

வெளியே முடியாததை அறையில் முடிப்பது மதுரைக்குப் புதிதல்ல. 1792-இல் இங்கே வந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் நாயக்கர் மகாலை நேரில் கண்டு வரைந்துகொண்டார்கள். கட்டடத்தின் கோடுகளைச் சரியாகப் பிடிக்க ‘கேமரா அப்ஸ்கியூரா’ என்னும் இருட்டுப் பெட்டியைப் பயன்படுத்தினார்கள். 1795-க்கும் 1808-க்கும் இடையே 144 அச்சோவியங்களாக வெளிவந்த அவர்களுடைய தொகுப்பு, லண்டனில் உட்கார்ந்து செய்த வேலை. நம் காலத்தில் மனோகர் தேவதாஸ் இன்னும் தூரம் போனார். மதுரையில் வளர்ந்து சென்னையில் வேதியியலாளராக வேலை பார்த்த அவர், பார்வைப் புலத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சுருக்கும் விழித்திரை நோயோடு, தன் இளமைக்கால மதுரையை நுணுக்கமான மைக்கோட்டு ஓவியங்களாக வரைந்தார். ஓவியம் அவருக்குப் பிழைப்பு அல்ல. 2020-இல் பத்மஸ்ரீ பெற்று, 2022-இல் மறைந்தார்.

அறைக்கு வடக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்று ஐரோப்பிய நூல்கள் சொல்லும். அங்கே வடக்கிலிருந்து நேர்வெயில் பெரும்பாலும் விழாது, ஒளி நாள் முழுதும் அதிகம் மாறாது. மதுரையில் இந்த விதி ஆண்டில் நான்கு மாதத்துக்கு மேல் பொய்த்துப்போகிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் மேசைக்கே வரும். ஜன்னலுக்கு வெள்ளைத் துணித்திரை போட்டு, நிறத்தை மாற்றாமல் காட்டும் 5000 கெல்வின் எல்இடி விளக்கைத் துணைக்கு வைத்துக்கொள்வது நடைமுறைத் தீர்வு. நிறத்துல்லியக் குறியீடான சிஆர்ஐ 90-க்கு மேல் உள்ள விளக்காகப் பார்த்து வாங்கவேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டால் பூச்சு காயும் வேகம் குறையும்.

அறையில் செய்யும் வேலை பெரும்பாலும் அடுக்குப் பூச்சு. முந்தைய அடுக்கு முழுதும் காய்ந்தபின் அதன்மேல் மெல்லிய, ஊடுருவித் தெரியும் நிறத்தை ஒரே வீச்சில் இடுவது அது. ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிந்தது காய்ந்ததும் வெளிறும் என்பதால், சோதனைத் துண்டு ஒன்று பக்கத்தில் கிடக்கவேண்டும். கைபேசிப் படத்தை வைத்து நிறம் முடிவுசெய்வது வீண். கேமரா நிழலைக் கறுப்பாக்கி, வானத்தை வெளுத்துவிடும். களத்தில் அரைமணியில் தீட்டிய சிறு வண்ணக்குறிப்பும், ஓரத்தில் பென்சிலால் எழுதிய நேரமும் அதைவிட நம்பகமானவை. கட்டட அளவுகளுக்கு மட்டும் படம் உதவும்.

முடிந்த ஓவியத்தைக் கண்ணாடியில் நேராக ஒட்டிச் சட்டமிடக் கூடாது. இடையே அமிலமற்ற மவுண்ட் அட்டை வேண்டும். அலிசரின் கிரிம்சன் போன்ற சில சிவப்புகள் வெயிலில் வெளுக்கும்; குழாயின்மேல் உள்ள ஒளித்தாங்கு குறியீட்டைப் பார்த்து வாங்கினால் கவலையில்லை. கோடையில் தீட்டிய படத்துக்குச் சோதனை ஐப்பசியில் வரும். காற்றீரம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால், தாளுக்கு விறைப்புத் தரும் ஜெலட்டினில் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவரில் படத்தை மாட்டாமலிருப்பதும், சட்டத்தின் நான்கு மூலைகளுக்குப் பின்னால் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றுப் போக வழிவிடுவதும் இதைத் தடுக்க உதவும்.