ஃபில்டரைக் கழற்றாதீங்க! – டெலஸ்கோப்பில் பகுதி சூரிய கிரகணத்தைப் படம் எடுக்க ஒரு கையேடு

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. அன்னைக்கு ஸ்பெயினின் தென்பகுதியிலும் எகிப்திலும் முழு சூரிய கிரகணம். எகிப்தின் லக்சர் நகரத்துப் பக்கம் 6 நிமிடத்துக்கும் மேல சூரியன் முழுசா மறைஞ்சிடும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தமிழ்நாட்டில் அன்று மாலை தெரியப்போவது பகுதி கிரகணம் மட்டும்தான். ஓரத்தில் கடிச்ச பிஸ்கட் மாதிரி ஒரு சூரியன்.

"பகுதிதானே"ன்னு விட்டுடாதீங்க. ஒரு சின்ன டெலஸ்கோப்பும் ஒரு போனும் இருந்தாலே நல்ல படம் எடுக்கலாம். ஆனா இதைக் கத்துக்க யூடியூப் பக்கம் போனா, அங்கே இருக்கும் பல வீடியோக்கள் முழு கிரகணத்துக்காக எடுத்தவை. ஒரு கட்டத்தில் "இப்போ ஃபில்டரைக் கழற்றுங்க" என்று சொல்வார்கள். சூரியன் முழுவதும் மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு அது சரி. பகுதி கிரகணத்தில் அப்படி ஒரு நொடிகூடக் கிடையாது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஃபில்டர் இருந்தே ஆகணும். 99% மறைஞ்சாலும் இதே விதிதான். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா, அது இதுவா இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு பயமுறுத்தறேன்?

கணக்குப் போட்டே பார்ப்போம். 114 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. ஃபோகல் லெங்த்தும் உள்ள ஒரு சாதாரண டெலஸ்கோப்பை எடுத்துக்குங்க. அதன் கண்ணாடியின் பரப்பு சுமார் 0.01 சதுர மீட்டர். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1000 வாட் வருது. அப்போ கண்ணாடியில் விழுவது 10 வாட். அது மொத்தமும் ஃபோகஸில் 8 மி.மீ. அகல வட்டத்துக்குள் குவியுது. நேரடி வெயிலைவிடச் சுமார் 190 மடங்கு. நம்ம லேப் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான சக்தியைக் கண்ணுக்குள் விடுவதை யோசிச்சுப் பாருங்க. விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லை. அதனால கண் போவது போகும்போது தெரியாது.

சூரியன் பாதி மறைஞ்சிருந்தா? மொத்த ஒளி பாதியாகும். ஆனா மறையாத பகுதியில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் அதே சூட்டில்தான் இருக்கும். "கொஞ்சம்தானே தெரியுது" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

ஃபில்டர் எங்கே? டெலஸ்கோப்பின் முன்வாயில்!

ஒளி உள்ளே நுழைவதற்கு முன்னாடியே அதைத் தடுக்கணும். சில பழைய டெலஸ்கோப்புகளோட ஐபீஸில் திருகிப் போடுற குட்டி சோலார் ஃபில்டர் ஒன்று வரும். அதைக் குப்பையில் போடுங்க. குவிந்த சூட்டில் அது விரிசல் விட்டா, உங்க கண் அதுக்கு நேர் பின்னாடி இருக்கும்.

பாடர் அஸ்ட்ரோசோலார் மாதிரியான சோலார் ஃபில்ம் ஷீட் வாங்குங்க. வாங்கும்போது அடர்த்தி 5 என்று போட்டிருக்கான்னு பாருங்க. அதாவது 1,00,000-இல் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும். அடர்த்தி 3.8 என்றும் ஒன்று இருக்கு. அது கேமராவுக்கு மட்டும், கண்ணுக்கு அல்ல. நாலு பேர் கூடி எட்டிப் பார்க்கும் காலேஜ் மைதானத்துக்கு 5-தான் சரி. எக்ஸ்ரே ஷீட், சிடி, புகை படிந்த கண்ணாடி எதுவும் வேண்டாம். கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு டெலஸ்கோப்பில் பார்ப்பதும் வேண்டாம். அது வெறும் கண்ணுக்காகச் செய்தது.

கெட்டி அட்டையில் டெலஸ்கோப் வாய்க்குப் பொருந்தும் மூடி மாதிரி ஒரு வளையம் செஞ்சு, ஃபில்மை நடுவில் ஒட்டுங்க. இழுத்துப் பிடிச்சு ஒட்டாதீங்க; லேசான சுருக்கம் இருந்தால் படம் கெடாது. ஒவ்வொரு முறையும் ஒரு பல்புக்கு முன்னால் பிடிச்சு ஓட்டை இருக்கான்னு பாருங்க. காத்தில் பறக்காதபடி டேப்பும் போடுங்க. மேலே இருக்கும் சின்ன ஃபைண்டர் ஸ்கோப்பையும் மறக்காம மூடிடுங்க. அதுவும் ஒரு டெலஸ்கோப்தான்.

ஃபைண்டர் இல்லாம சூரியனை எப்படிப் பிடிப்பது? தரையில் விழும் குழாயின் நிழலைப் பாருங்க. நிழல் எப்போ மிகச் சின்ன வட்டமா சுருங்குதோ, அப்போ குழாய் சூரியனை நேராப் பார்க்குது.

படம் எவ்வளவு பெருசா வரும்?

ஃபோகல் லெங்த்தை 109-ஆல் வகுங்க. அதுதான் சென்சாரில் விழும் சூரியனின் விட்டம். 900 மி.மீ. என்றால் சுமார் 8 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் 15 மி.மீ. என்பதால் தாராளமா அடங்கும். 2000 மி.மீ. என்றால் 18 மி.மீ., அடங்காது.

டிஎஸ்எல்ஆரை நேரடியா மாட்டும்போது பல சின்ன நியூட்டோனியன் டெலஸ்கோப்புகளில் ஒரு தொல்லை வரும். ஃபோக்கஸரை முழுசா உள்ளே தள்ளினாலும் ஃபோகஸ் கிடைக்காது. ஒரு பார்லோ லென்ஸ் போட்டால் ஃபோகஸ் புள்ளி வெளியே தள்ளிப்போய்ச் சரியாகிடும். ஆனா படம் பெருசாகிடும், அதனால சென்சாரில் அடங்குமான்னு மறுபடி கணக்குப் பாருங்க.

போன்தான் இருக்குன்னா 25 மி.மீ. ஐபீஸைப் போட்டு, ஒரு ஹோல்டரில் போனை அதன்மேல் மாட்டுங்க. 900 மி.மீ. டெலஸ்கோப்பில் இது 36 மடங்கு. முழு சூரியனும் வசதியா உள்ளே நிற்கும். ஆசைப்பட்டு 10 மி.மீ. போட்டால் 90 மடங்கு ஆகி, விளிம்புகள் வெட்டுப்பட ஆரம்பிச்சிடும்.

செட்டிங்ஸ்

அடர்த்தி 5 ஃபில்மோட, எஃப்/8 டெலஸ்கோப்பில், ஐஎஸ்ஓ 100-இல் 1/400 நொடியில் தொடங்குங்க. பிறகு 1/200, 1/800 என்று இரு பக்கமும் எடுத்து வெச்சுக்குங்க. போனில் ப்ரோ மோடுக்குப் போய் ஐஎஸ்ஓ, ஷட்டர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் நான்கையும் லாக் பண்ணுங்க. ஆட்டோவில் விட்டால் சுற்றியிருக்கும் கருப்பைப் பார்த்து ஏமாந்து, சூரியனை வெள்ளைத் தட்டாக்கிடும்.

மோட்டார் மவுண்ட் இல்லையேன்னு கவலை வேண்டாம். வானத்தில் சூரியன் தன் சொந்த அகலத்தைக் கடக்க 2 நிமிடத்துக்கு மேல ஆகும். 1/400 நொடியில் அது எங்கேயும் போயிடாது. உண்மையான எதிரி உங்க விரல். 2 நொடி டைமர் வைங்க, இல்லேன்னா வயர் இயர்போனை மாட்டி வால்யூம் பட்டனால் கிளிக் பண்ணுங்க. ஃபோகஸுக்குச் சூரியப் புள்ளிகள் இருந்தால் அதைப் பாருங்க, இல்லேன்னா விளிம்பைப் பாருங்க. தலைக்கு மேல ஒரு கறுப்புத் துணி போட்டுக்கிட்டா வெயிலிலும் ஸ்கிரீன் தெரியும்.

ஒத்திகைக்கு கிரகணமே தேவையில்லை

பகுதி கிரகணத்தில் இருக்கும் பெரிய வசதி இதுதான். மறையாத பகுதியின் பிரகாசம் எந்த நாளும் இருக்கும் அதே பிரகாசம். அதனால ஒரு வாரம் முன்னாடியே, அதே இடத்தில், அதே நேரத்தில் முழு ஒத்திகை பார்த்து செட்டிங்ஸை எழுதி வெச்சுக்கலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறு வருஷத்துக்கும் மேலா சூரியனைப் படம் எடுத்துக்கிட்டு வருது. கிரகணம் இல்லாத சூரியனும் படம் எடுக்கத் தகுந்ததுதான்!

2027-இல் நமக்குக் கிரகணம் மாலையில் என்பதால் மேற்கு அடிவானம் திறந்திருக்கும் இடமாப் பாருங்க. சூரியன் இறங்க இறங்க மங்கும், அதனால எக்ஸ்போஷரைக் கூட்டிக்கிட்டே வரணும். நாள் முழுக்கச் சூடான மொட்டை மாடியைவிடப் புல்தரை நல்லது. கான்கிரீட்டிலிருந்து எழும் வெப்பக் காற்றில் விளிம்பு நெளியும்.

ஆகஸ்ட் என்பதால் மேகமும் வரலாம். மெல்லிய மேகம் வந்தால் ஷட்டரை மெதுவாக்குங்க, ஐஎஸ்ஓவைக் கூட்டுங்க. "மேகம்தான் மறைக்குதே"ன்னு ஃபில்டரைக் கழற்றும் சபலம் அப்போதான் வரும். மேகம் விலக ஒரு நொடி போதும். கூட்டம் இருந்தால், டெலஸ்கோப் பக்கத்திலேயே ஒருத்தர் காவலுக்கு நிற்கட்டும். படம் எடுப்பவர் வேற, காவல் வேற.

படம் எடுத்த பிறகு

5 நிமிடத்துக்கு ஒரு செட் எடுத்தால் கடைசியில் ஒரு நல்ல வரிசை கிடைக்கும். ஸ்டேட்டஸ் போட்டதோட நிறுத்திடாதீங்க. ஒரு நல்ல படத்தை பைதானில் திறந்து, சூரியனின் விளிம்புக்கு ஒரு வட்டமும், கடிபட்ட இடத்தின் வளைவுக்கு ஒரு வட்டமும் பொருத்துங்க. முதல் வட்டம் சூரியன், இரண்டாவது நிலா. ரெண்டு ஆரங்களையும் வகுத்துப் பாருங்க.

2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் தெரிந்தது வளைய கிரகணம். அன்று அந்த விகிதம் சுமார் 0.97, நிலா சின்னது, அதனால சூரியனை முழுசா மூட முடியலை, வளையம் மிஞ்சியது. 2027-இல் அது ஒன்றைத் தாண்டணும். அதாவது லக்சரில் முழு இருட்டு ஏன் விழுந்ததுங்கிறதுக்கான காரணத்தை, இங்கே நம்ம கிரவுண்டில் நின்னு எடுத்த ஒரு "வெறும் பகுதி" படத்திலிருந்தே நீங்க அளந்து காட்டலாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் லேப் இருக்கும். பெர்மிஷன் லெட்டரை இப்பவே டைப் பண்ணி வைங்க.