புரொஜெஸ்தின் ஓமோன்களும் மருத்துவமும்

மனித உடலின் உறுப்புக்கள் ஒன்றோடொன்று இணங்கித் தொழிற்படுவதற்கு இரு வழிகள் உள. ஒன்று நரம்பு வழி. மற்றையது குருதி வழி. சில சுரப்பிகள் சுரக்கும் இரசாயனப் பொருள்கள் குருதியிற் கலந்து, தொலைவிலுள்ள உறுப்புக்களை அடைந்து, அவற்றின் தொழிலை மாற்றியமைக்கின்றன. இவற்றையே ஓமோன்கள் என்பர். இவ்வோமோன்களுள் ஒன்றாகிய புரொஜெஸ்தெரோனையும், அதனைப் போலத் தொழிற்படுமாறு ஆய்வுகூடங்களில் ஆக்கப்பட்ட புரொஜெஸ்தின்களையும் பற்றி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இயற்கைப் பொருளை ஒத்ததாயினும் அதுவேயாகாத ஒரு பொருளை உடல் எவ்வாறு ஏற்றுக்கொள்கின்றது? கோடிக்கணக்கான பெண்களின் நலம் இவ்வினாவின் விடையிலே தங்கியுள்ளது.

இயற்கை ஓமோன்

பெண்ணின் சூலகத்திலிருந்து மாதந்தோறும் ஒரு சூல் வெளிப்படுகின்றது. அது வெளிப்பட்ட இடத்தில் மஞ்சள் நிறமான ஒரு சிறு திரள் தோன்றும். இதனை மஞ்சட்சடலம் என்பர். இதன் தொழில் யாதென்பது நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. 1903 ஆம் ஆண்டில் லுட்விக் பிரெங்கல் என்னும் ஜேர்மானிய மருத்துவர், கருவுற்ற முயல்களின் மஞ்சட்சடலங்களை அழித்தால் கரு நிலைப்பதில்லை எனக் காட்டினார். 1929 இல் அமெரிக்கரான ஜோர்ஜ் கோணரும் வில்லார்ட் அலனும், சூலகங்கள் நீக்கப்பட்ட முயல்களுக்கு மஞ்சட்சடலச் சாற்றை ஊசிமூலம் செலுத்திக் கருவைக் காத்தனர். 1934 இல் வெவ்வேறு ஆய்வுக் குழுவினர் இச்சாற்றிலுள்ள ஓமோனைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். அவர்களுள் ஒருவரான அடோல்ப் பூட்டனான்ட், ஏறக்குறைய 50,000 பன்றிகளின் சூலகங்களிலிருந்து பெற்றது சுமார் 20 மில்லிகிராம் மாத்திரமே.

புரொஜெஸ்தெரோன் எனப் பெயர்பெற்ற இவ்வோமோன், ஈஸ்திரோஜன் என்னும் மற்றோர் ஓமோனால் தடித்து வளர்ந்த கருப்பையின் அகப்படலத்தைக் கரு தங்குதற்கேற்ற நிலைக்குப் பக்குவப்படுத்துகின்றது. கருப்பைத் தசைகளின் சுருக்கத்தையும் தணிக்கின்றது. கரு உண்டாகாவிடின் மஞ்சட்சடலம் ஏறக்குறைய இரு வாரங்களில் ஒடுங்கிவிடும். அப்போது ஓமோனின் அளவு குறைய, அகப்படலம் உதிர்ந்து மாதவிடாயாக வெளிப்படுகின்றது.

தொழிற்படும் முறை

புரொஜெஸ்தெரோன் மூலக்கூறு கொழுப்பிற் கரையும் இயல்புடையது. ஆதலின் கலங்களின் மென்சவ்வை எளிதில் ஊடுருவிச் செல்லும். உள்ளே வாங்கி எனப்படும் ஒரு புரதம் அதனைப் பற்றிக்கொள்கின்றது. பூட்டுக்குத் திறவுகோல் பொருந்துவது போல இவையிரண்டும் பொருந்தியதும் வாங்கியின் வடிவம் மாறுகின்றது. அவ்வாறு மாறிய வாங்கி, கலக்கருவிலுள்ள பரம்பரையலகுகளிற் சிலவற்றைத் தொழிற்படச் செய்யும். வேறு சிலவற்றை அடக்கும். இத்தகைய வாங்கிகள் கருப்பையில் மாத்திரமன்றி மார்பிலும் மூளையிலும் உள்ளன. எனவே ஓர் ஓமோனை ஓர் உறுப்பின் பொருட்டு உட்கொள்ளும்போது, ஏனைய உறுப்புக்களும் அதன் கட்டளையைக் கேட்கின்றன.

மூளையின் அடிப்புறத்திலுள்ள கபச்சுரப்பியே சூல் வெளிப்படுதற்குரிய தூண்டலை அளிப்பது. குருதியிற் புரொஜெஸ்தெரோன் மிக்கிருக்கும்போது அத்தூண்டல் அடங்கிவிடும். அன்றியும் கருப்பைக் கழுத்திலுள்ள சளி தடித்து, விந்தணுக்களின் வழியை அடைக்கின்றது. கருவுற்ற காலத்தில் இயற்கையே கையாளும் இம்முறையே பின்னர்க் கருத்தடை மருந்துகளுக்கு அடிப்படையாயிற்று.

கிழங்கிலிருந்து குளிகை

இவ்வோமோனை மருந்தாகப் பயன்படுத்துவதில் இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது, அது கிடைத்தற்கு அரிதாயிருந்தமை. நம் நாட்டு இராசவள்ளிக் கிழங்கின் சாதியைச் சேர்ந்த சில காட்டுக் கிழங்குகள் மெக்சிக்கோவில் வளர்கின்றன. அவற்றிலுள்ள டயோஸ்ஜெனின் என்னும் பொருளைப் புரொஜெஸ்தெரோனாக மாற்றும் முறையை அமெரிக்க இரசாயனவியலாளரான ரசல் மாக்கர் கண்டறிந்தார். அவரும் வேறு இருவரும் சேர்ந்து 1944 இல் மெக்சிக்கோ நகரில் சின்டெக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். இதனால் முதலாவது தடை நீங்கியது. ஆயினும் இக்கிழங்கை உண்பதனால் உடலிற் புரொஜெஸ்தெரோன் உண்டாகும் எனக் கருதுதல் தவறு. அம்மாற்றத்தை ஆய்வுகூடம் செய்யவல்லது; மனித உடல் செய்யமாட்டாது.

இரண்டாவது தடை கல்லீரலாகும். வாயால் உட்கொண்ட புரொஜெஸ்தெரோன் குடலிலிருந்து முதலிற் கல்லீரலை அடைய, அங்கே அதன் பெரும்பகுதி சிதைக்கப்படுகின்றது. இத்தடைக்கு விடை ஓர் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆண் ஓமோனாகிய தெஸ்தோஸ்தெரோனின் பதினேழாவது காபன் அணுவில், மும்மைப் பிணைப்புடைய எதினைல் கூட்டத்தைச் சேர்த்து எதிஸ்தெரோன் என்னும் பொருள் 1938 இல் ஜேர்மனியில் ஆக்கப்பட்டது. அது கல்லீரலின் சிதைவுக்கு ஓரளவு தப்பி, வாயால் உட்கொண்டபோதும் புரொஜெஸ்தெரோனைப் போலத் தொழிற்பட்டது. எனினும் அதன் வலிமை குறைவு. இதனினும் ஒரு காபன் அணுவை நீக்கிப் பெறப்பட்டதே நோரெதிஸ்தெரோன். 1951 ஒக்டோபரில் சின்டெக்ஸ் ஆய்வுகூடத்தில், கார்ல் ஜெராசியின் வழிகாட்டலில், லூயிஸ் மிராமொந்தெஸ் என்னும் இளைஞர் இதனை ஆக்கினார். ஓர் அணுவை நீக்கியமையால் மூலக்கூறின் வலிமை பன்மடங்கு பெருகியது.

மருத்துவப் பயன்கள்

ஒழுங்கற்ற அல்லது மிகையான மாதவிடாயைச் சீர்ப்படுத்தல், கருப்பை அகப்படலம் கருப்பைக்கு வெளியே வளரும் நோயின் வேதனையைத் தணித்தல், அகப்படலம் அளவுக்கு மீறித் தடிப்பதைத் தடுத்தல் என்பன புரொஜெஸ்தின்களின் முக்கிய பயன்கள். மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரோஜனைத் தனியே உட்கொள்ளும் பெண்களிடத்துக் கருப்பைப் புற்றுநோய் மிகுவதாக 1975 இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அது முதற்கொண்டு, கருப்பையுள்ள பெண்களுக்கு ஈஸ்திரோஜனுடன் புரொஜெஸ்தினையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாயிற்று.

மிகப் பரந்த பயன் கருத்தடையாகும். குளிகையாகவும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஏற்றும் 150 மில்லிகிராம் ஊசிமருந்தாகவும், தோலின் கீழ்ப் பதிக்கும் சிறு கோல்களாகவும், கருப்பையுள் வைக்கும் சாதனமாகவும் இவை இன்று கிடைக்கின்றன. அடுத்தடுத்த மகப்பேற்றால் நலிந்த பெண்ணொருத்திக்குப் பேறுகளுக்கிடையே போதிய இடைவெளி கிடைப்பது அவளுயிரையும் பிள்ளைகளின் உயிரையும் காப்பதாகும்.

ஒப்புமையும் வேற்றுமையும்

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். செயற்கைப் புரொஜெஸ்தின் புரொஜெஸ்தெரோனின் வாங்கியோடு பொருந்துகின்றது. ஆனால் அதனோடு மாத்திரம் நிற்பதில்லை. தெஸ்தோஸ்தெரோனிலிருந்து பெறப்பட்டவை ஆண் ஓமோனின் வாங்கியையும் ஓரளவு பற்றிக்கொள்வன. கருச்சிதைவைத் தடுக்கும் எண்ணத்துடன் இவற்றைக் கருவுற்ற பெண்களுக்குக் கொடுத்தபோது, பிறந்த பெண் மகவுகள் சிலவற்றின் புறவுறுப்புக்களில் ஆண்தன்மை தோன்றியதை லோசன் வில்கின்ஸ் முதலானோர் 1958 இல் வெளியிட்டனர்.

கருத்தடைக் குளிகையின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. கிரெகரி பிங்கஸ், ஜோன் றொக் என்போரின் முயற்சியால் 1956 இல் புவேர்ட்டோ ரிக்கோவில் பரந்த சோதனை தொடங்கியது. 10 மில்லிகிராம் அளவுள்ள அக்குளிகை கருத்தரிப்பைத் தடுத்தது உண்மையே. ஆயினும் உட்கொண்டோரில் 17 வீதமானோர் தலைச்சுற்று, குமட்டல், தலைவலி முதலியவற்றால் வருந்தினர் என்றும், இது பொதுப் பாவனைக்கு ஏற்கத்தகாதது என்றும் அங்கு பொறுப்பாயிருந்த பெண் மருத்துவர் எடிறிஸ் றைஸ்-றே அறிவித்தார். அவருடைய எச்சரிக்கைக்குப் போதிய மதிப்பளிக்கப்படவில்லை. தாம் ஓர் ஆராய்ச்சிக்கு உட்பட்டிருப்பதை அவ்வேழைப் பெண்களுக்கு முறையாக அறிவித்தாருமில்லை. அக்குளிகை 1960 இல் அமெரிக்காவிற் கருத்தடைக்கென அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அதனை உட்கொண்ட ஒருவரிடத்துக் குருதி உறைந்து நாளத்தை அடைத்தமை பற்றிய செய்தி வெளியாயிற்று. இக்கேட்டிற்குக் குளிகையிற் சேர்ந்திருந்த ஈஸ்திரோஜனே பெருங்காரணமெனப் பின்னர் அறியப்பட்டு, அதன் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. நோரெதிஸ்தெரோன் மாத்திரம் கொண்ட குளிகையொன்றில் இன்று 0.35 மில்லிகிராம் அளவே உள்ளது. பயனுக்கு வேண்டிய அளவிலும் எத்துணை மிகையாக அப்பெண்கள் உட்கொண்டனர் என்பதை இவ்வெண்களே காட்டும்.

2002 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வொன்று இடையில் நிறுத்தப்பட்டது. ஈஸ்திரோஜனுடன் மெட்ரொக்சிப்புரொஜெஸ்தெரோன் அசற்றேற்று என்னும் புரொஜெஸ்தினை உட்கொண்டோரிடத்து மார்புப் புற்றுநோய் மிகுந்தமை இதற்கு ஒரு காரணம். கருப்பை நீக்கப்பட்டு, ஈஸ்திரோஜனை மட்டும் உட்கொண்ட வேறொரு தொகுதியினரிடத்து அம்மிகுதி காணப்படவில்லை. கருப்பையைக் காக்கும் பொருளே மார்புக்கு ஊறாதலும் கூடும் என்பதை இதனால் அறிகின்றோம். குறைமாதப் பிறப்பைத் தடுப்பதற்கென 2011 இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற மற்றொரு புரொஜெஸ்தினோ, பயன் உறுதிப்படாமையால் 2023 இல் விலக்கப்பட்டது.

இவற்றால் புரொஜெஸ்தின்கள் தீயன என்று கொள்ளலாகாது. ஓரணு மாறினும் பொருளின் குணம் மாறும் என்பதும், ஒரு பொருளுக்குக் கண்ட நன்மையையோ தீமையையோ அதன் இனம் முழுமைக்கும் ஏற்றிக் கூறலாகாது என்பதுமே நாம் பெறும் பாடமாகும். எந்தப் புரொஜெஸ்தின், எவ்வளவு, எவ்வழியில், எந்தப் பெண்ணுக்கு என்பவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து கொடுப்பது மருத்துவர் கடன். அவற்றைக் கேட்டறிந்து தேர்வது பெண்ணின் உரிமை. புவேர்ட்டோ ரிக்கோவிற் குறைபாடு இருந்தது மூலக்கூறில் மாத்திரமன்று. அதனை உட்கொண்டோரின் சொல்லைக் கேளாமையிலும் இருந்தது. அணுவை நுணுகி ஆராயும் அறிவு, அம்மருந்தை உட்கொள்வோரின் குரலுக்கும் செவிசாய்க்கும்போதே முழுமை பெறும்.