உங்களுக்குத் தெரியுமா? வங்கிச் சுவரில் மாடுகள்!

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒவட்டோனா. அதன் பழைய கடைவீதி முனையில் ஒரு செங்கல் கட்டடம். இரு பக்கமும் பிரம்மாண்டமான வண்ணக்கண்ணாடி வளைவுகள். தேவாலயம் என்று நினைத்துவிடாதீர்கள், உழவர்களுக்கான வங்கி! 1908-இல் கட்டப்பட்ட இதை வடிவமைத்தவர் லூயி சல்லிவன். சிகாகோவின் உயர்ந்த கட்டடங்களால் புகழ்பெற்றவர். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் குரு. பெருநகர வேலைகள் வற்றிப்போன காலத்தில் அந்த மேதையைத் தேடி அழைத்தது இந்தச் சிற்றூர் வங்கிதான். உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள்: தலா இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள நான்கு வார்ப்பிரும்பு விளக்குகள். சுவரில் கறவை மாடுகளின் பெரிய ஓவியம். பால்பண்ணைச் சீமையாயிற்றே! 1981-இல் அமெரிக்க அஞ்சல்தலையிலும் இந்தக் கட்டடம் இடம்பிடித்தது. பார்க்கப் போகிறவர்கள் வேலைநாளாகப் பார்த்துப் போவது நல்லது.